ஏழாம் பந்தியில் ஒரு திருத்தம்

புதுக்கடைக் கோட்டடியில் இவ்வளவு நல்ல பிளேன்ரீ கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஒஃபிஸ் கிளாக் பேர்ணடெற் அக்கா ஒரு கோப்பை வாங்கி வைத்துவிட்டு, "சேர் கோட்டால வர ஒரு மணித்தியாலம் செல்லும், இதை வாசிச்சு ஒப்பம் வையுங்கோ" என்று, என் சட்டத்தரணியாக நீங்கள் தயாரித்த வாக்குமூலத்தையும் தந்துவிட்டுப் போனார். வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், திரு. சவுந்தரநாயகம். ஏழாம் பந்தி மட்டும் பிழை.

கருவியில் ஏற்பட்ட கோளாறினால் அழைப்புகள் எனக்கு வந்து சேரவில்லை என்று அதில் இருக்கிறது. நேற்று நீங்கள் இதைச் சொன்னபோதே நான் தலையாட்டவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும் தம்பி, மெசினுக்குச் சறுக்காதோ? கோளாறு எண்டு விட்டா ஒருத்தருக்கும் தலையிடி இல்லை" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. நிக்கலசுக்குக் கோபமே வராது என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது பொய். எனக்கு நாள் முழுக்கக் கோபம்தான். சத்தம் போட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒப்பம் வைக்காமல், இந்தத் தாள்களின் பின்பக்கத்தில் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். மற்றப் பந்திகளில் நீங்கள் கை வைக்கத் தேவையில்லை.

எங்கள் கம்பனியின் பெயர் 'துணை'. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஃபிளாற் மேல் ஃபிளாற்றாக நிற்கிறதே, அவற்றில் மாடிக்கு ஒன்றிலாவது ஒரு அம்மாவோ ஐயாவோ தனியே இருக்கிறார். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். அந்த வயதானவர்களின் கையில் கட்ட நாங்கள் ஒரு பட்டி கொடுப்போம். பட்டியில் ஒரு பொத்தான் உண்டு, நாடித்துடிப்பையும் அது எண்ணும். வீட்டுக்குள் மூன்று சின்னப் பெட்டிகள் பொருத்துவோம். விழுந்தவர் பொத்தானை அழுத்தலாம். அழுத்த முடியாமல் கிடந்தாலும், மூன்று மணித்தியாலம் வீட்டில் அசைவு இல்லையென்றால் பெட்டிகள் தாமாகவே எங்களை அழைக்கும். நாங்கள் முதலில் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்போம். பதில் இல்லாவிட்டால், வெள்ளவத்தைச் சந்தையடியில் நிற்கும் எங்கள் ஓட்டோக்காரர் பலீல் அந்த வீட்டுச் சாவியோடு ஓடுவார். அழைப்பை நாங்கள் பார்த்தவுடன் பட்டியில் ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரியும். பார்த்துவிட்டோம், ஆள் வருகிறது, பயப்படாதீர்கள் என்பது அதன் அர்த்தம்.

அந்த விளக்கு அருந்ததியின் யோசனை. அருந்ததி என் பங்காளி, வெள்ளவத்தைப் பிள்ளை. பட்டியையும் பெட்டிகளையும் நான் என் கையால் செய்தேன். அவற்றை இயக்கும் மென்பொருளை அவள் எழுதினாள். "விழுந்து கிடக்கிற மனுசருக்கு நோவை விடப் பயம்தான் பெரிசு நிக்கலஸ், ஆரோ பாத்திட்டினம் எண்டு தெரிஞ்சாலே அரைவாசி உயிர் வந்திடும்" என்று சொல்லித்தான் அந்த விளக்கை வைக்கச் சொன்னாள். அவள் சொன்னது சரி என்பதை நான் பிற்பாடு கண்டேன்.

ஜெகதீஸ்வரி ரீச்சரைப் பற்றி உங்கள் தாளில் 'இறந்தவர்' என்று மட்டும் இருக்கிறது. அது போதாது. ரீச்சர் இல்லாவிட்டால் துணை இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னர் நான் வீடு வீடாக இன்டர்நெற் பழுது பார்த்துத் திரிந்தேன். மூன்றாம் மாடியில் ஒரு வீடு. மணியடித்தால் திறக்கிறார்கள் இல்லை. திரும்பப் போகிற நேரம் உள்ளே எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு பாக்கியலெட்சுமி அன்ரியிடம் ஒரு சாவி இருந்தது. திறந்து பார்த்தால், ரீச்சர் முதல் நாள் பின்னேரமே விழுந்து, குளியலறை வாசலில் கிடந்தபடி, சவர்க்காரப் பெட்டியால் வாளியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நான்தான் தூக்கிக்கொண்டு களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துவிட்டார். கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், வாய் கொஞ்சம் நீளம். "தம்பி, உம்மை முருகன்தான் அனுப்பினவர். பேரைத்தான் மாத்தி நிக்கலஸ் எண்டு வைச்சு விட்டிட்டார்" என்று வாட்டில் கிடந்தபடி சொன்னார். முதல் பட்டியை நான் கட்டியது அவர் கையில்.

பக்கத்து வீட்டில் இருந்த அந்தச் சாவியையும் நான் கேட்டு வாங்கி, பலீலின் சாவிப் பெட்டியில் போட்டேன். அதுதான் ஒழுங்கு. இனிமேல் அயலட்டையை நம்பி இருக்கத் தேவையில்லை என்றேன். பாக்கியலெட்சுமி அன்ரி சந்தோசமாகத் தந்தார்.

இனிக் கதிர்காமநாதன். சிங்கப்பூரில் உள்ள ஒரு முதலீட்டு நிதியத்துக்காகக் கொழும்பில் ஸ்டார்ட்அப் தேடித் திரிகிறவர். அவரைப் பற்றி நினைத்தால் இப்போதும் என் காது சுடுகிறது. முதல் சந்திப்பில் என் விசிற்றிங் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காட்டில கொட்டாஞ்சேனை எண்டு போடாதேங்கோ நிக்கலஸ். கொழும்பு பதின்மூண்டு எண்டு கூட வேண்டாம். அருந்ததியின்ர வெள்ளவத்தை அட்ரஸைப் போடுங்கோ" என்றார். நான் பிறந்தது கொட்டாஞ்சேனை, தபாலில் கொழும்பு பதின்மூன்று, காசுக்காரர் குடியிருக்கும் இடம் இல்லை. அப்பா துறைமுகத்தில் சாமான் கணக்கெடுக்கும் கிளாக். அம்மா மெற்றில்டா மாதம்பிட்டி மயானத்தில் இருக்கிறார். எங்கள் அலுவலகமும் கொட்டாஞ்சேனையில்தான். காட்டை மாற்றினேன். பழைய காட் ஒரு பெட்டி, கட்டுப் பிரிக்காமல், இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

இரண்டாம் சந்திப்பில் நான் பட்டியைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்டத் தொடங்கினேன். அவர் கையை நீட்டி மறித்தார். "மெசினைப் பற்றிக் கதைக்காதேங்கோ. அந்த ரீச்சரின்ர கதையைச் சொல்லுங்கோ. காசு போடுறவன் மெசினுக்குப் போடுறதில்லை, கதைக்குத்தான் போடுறவன்." ஆகவே கதையைச் சொன்னேன். குளிரூட்டிய மண்டபங்களில், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வைத்த மேசைகளுக்கு முன்னால், ஐந்து நிமிடம் தருகிறோம் என்று மணி அடிக்கிறவர்களிடம், நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். வாளியில் தட்டும் சத்தத்தை மேசையில் தட்டிக் காட்டுவேன். அந்த இடத்தில் எப்போதும் கையில் இருக்கும் போத்தலைக் கீழே வைத்துவிடுவார்கள். பிறகு, உங்கள் வளர்ச்சி என்ன, எத்தனை நாடுகளுக்குப் போவீர்கள் என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். ஏழு நாள் நிற்கும் பற்றரியை ஒரு விரல் அகலத்துக்குள் எப்படி வைத்தாய் என்று ஒரு நாயும் கேட்கவில்லை.

இல்லை, ஒருவர் கேட்டார். கதிர்காமநாதன். அதுவும் ஆட்களுக்கு முன்னால். "ஏழு நாள் எண்டு விளம்பரத்தில போட்டிருக்கிறியள். உந்தப் பச்சை லைற் எரிஞ்சுகொண்டிருந்தா நாலு நாள் தாங்காது. உதை எடுங்கோ, பிறகு வெக்கம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எடுக்கவில்லை.

கடைசியில் நிதியம் சரி என்றது. ஒரு நிபந்தனை. முப்பது நாள் எங்கள் வேலையைத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். அந்த முப்பது நாளில் வீண் அழைப்பு பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. வீண் அழைப்பு என்றால், பலீல் கதவைத் திறந்து போய், அங்கே ஒன்றும் இல்லை என்று திரும்பி வருவது. பன்னிரண்டு என்றால் கையொப்பம். பதின்மூன்று என்றால் எட்டு வருடமும் போச்சு.

அந்த முப்பது நாளுக்குள் கந்தசஷ்டி வந்தது. நான் வேதக்காரன். எங்களுக்கும் தபசுகாலம் உண்டு, ஆனால் வெள்ளவத்தை அம்மாமார் அந்த ஆறு நாளும் இருக்கும் இருப்பு வேறு. சிலர் பாலும் பழமும் மட்டும் எடுப்பார்கள். சிலர் கடைசியில் வெறும் தண்ணீர். ஜெகதீஸ்வரி ரீச்சர் அதற்கும் மேலே போய் மௌனமும் காப்பவர். ஆறு நாளும் வாய் திறக்கமாட்டார், ரெலிபோன் எடுக்கமாட்டார், மணியடித்தால் திறக்கமாட்டார். கனடாவில் இருக்கும் மகள் கூட அந்த ஆறு நாளும் அழைப்பதில்லை. முந்திய வருடம் சஷ்டியில் பலீல் முப்பத்தொரு வீட்டுக்கு ஓடினார். முப்பத்தொன்றிலும் அம்மாமார் சுவாமிப் படத்துக்கு முன்னால் சப்பாணி கட்டி அசையாமல் இருந்தார்கள். ஒருவர் வாய் திறக்க முடியாததால் பலீலைக் கையாலேயே ஏசிக் கலைத்தாராம்.

அதனால் அருந்ததி 'விரத நிலை' என்று ஒன்றைச் செய்தாள். விரதக்காரர் வீட்டில் அசைவு இல்லையென்று பெட்டி அழைத்தால், அது அலுவலகத்துக்குப் போகாமல் பொறுப்பான ஒருவரின் கைபேசிக்கு வரும். அவர் நாடித்துடிப்பையும் கதவுகளையும் பார்த்து, பலீலை அனுப்புவதா இல்லையா என்று முடிவு செய்வார். அவர் திறக்காமல் விட்ட அழைப்பு எந்தக் கணக்கிலும் சேராது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் கைபேசியில், அம்மா விரதம் என்று ஒரு காவிப் பொட்டு தெரியும். "ஆனா ஆராவது பொத்தானை அமத்தினா அது நேர ஒஃபிசுக்குத்தான் போகவேணும். அதில கை வைக்கக் கூடாது. நீர் பாத்துக்கொள்ளுவீரோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பொறுப்பான ஒருவர் நான்தான்.

சஷ்டி தொடங்கும்போது எங்கள் வீண் அழைப்பு பதினொன்று. பதினொன்றில் நாலு ரீச்சருடையவை. நாலும் பொத்தான். எங்கள் ஆட்கள் அழைத்தால் ரெலிபோனை எடுக்கமாட்டார். எடுத்தால் நான் வரமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவை பல்ப் போட்டுக் கொடுக்க. ஒரு தடவை ரிவி ரிமோட். ஒரு தடவை மோதகம் அவித்தாராம், சூட்டோடு சாப்பிட வேண்டுமாம். நாலாவது தடவை பலீலுக்குப் பின்னால் நானும் மூச்சு வாங்க மாடியேறிப் போனால், கதிரையில் இருந்து சிரிக்கிறார். "சும்மாதான் தம்பி. உம்மட குரல் கேட்டுக் கனநாள்." எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் எட்டு வருடத்தை அவர் மோதகத்துக்குச் செலவழித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு என்ற கணக்கு அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒருநாளும் அழுத்தியிருக்கமாட்டார். நான் சொல்லவில்லை. அன்றும் அவர் எடுத்துத் தந்த ஒரு மோதகத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் விரத நிலையில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். பொத்தான் அழைப்பும் என் கைபேசிக்கே வரும்படி வைத்தேன். அருந்ததியிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சஷ்டியின் மூன்றாம் நாள் புதன்கிழமை. காலை ஆறு இருபது. நான் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் நிதியத்தின் ஆட்களோடு கடைசிச் சந்திப்பு. சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கைபேசி அதிர்ந்தது. ரீச்சர் வீடு. பொத்தான்.

பல்ப் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ரெலிபோன் எடுத்துக் கேட்கலாம், ஆனால் அவர் மௌனம். பலீலை அனுப்பினால் அது ஒன்று. எங்களிடம் மிச்சம் இருந்ததும் ஒன்று. இன்னும் இரண்டு நாளில் கையொப்பம். அந்த ஒன்றை அவருடைய பல்புக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினேன்.

இந்த இடத்தில் நீங்கள் பேனையை வைத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கவனயீனம், அவ்வளவுதான், கவனயீனத்துக்குச் சட்டத்தில் வேறு பிரிவு என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஏழு மணிக்குள் பத்தொன்பது தடவை அழுத்தினார். பல்புக்கு யாரும் பத்தொன்பது தடவை அழுத்துவதில்லை. அதற்குப் பிறகு நான் அழைப்பைத் திறக்காமலே மற்றத் தகவல்களைப் பார்த்தேன். குளியலறைக் கதவு ஆறு பதினெட்டுக்குத் திறந்திருக்கிறது, மூடப்படவில்லை. வாசலில் உள்ள பெட்டி தரையோடு ஒரு சின்ன அசைவைக் காட்டியது. நாடி நூற்றுப் பதினெட்டு. நான் செய்த பெட்டி, பொய் சொல்லாது. எட்டு வருடத்துக்கு முன்னர் விழுந்த அதே வாசலில் அவர் விழுந்து கிடக்கிறார் என்று எனக்கு ஏழு மணி ஐந்துக்குத் தெரியும்.

அப்போது பலீலை அனுப்பியிருந்தால் அது வீண் அழைப்பே இல்லை. உண்மையான அழைப்பு. அருந்ததியும் பிறகு இதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். ஆனால் திறந்த உடனே, முதல் அழைப்பு ஆறு இருபது, பார்த்தது ஏழு ஐந்து என்று பதிவாகும். முக்கால் மணித்தியாலம் கிடக்க விட்டிருக்கிறார்கள், அதுவும் தங்கள் கதையின் கதாநாயகியை, அதுவும் கையொப்பம் இடுகிற கிழமையில். கதிர்காமநாதன் எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே, சந்திப்பு முடியட்டும், பத்தரைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்று மணித்தியாலம் ஒரு பெரிய நேரம் இல்லை. போனமுறை ஓர் இரவு முழுக்கக் கிடந்து பிழைத்தவர்.

கொள்ளுப்பிட்டியில் நான் நன்றாகப் பேசினேன். இதுவரை பேசியவற்றிலெல்லாம் அதுதான் திறம். வாளியில் தட்டும் இடம் வந்தபோது மேசையில் தட்டினேன். கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைபேசி சட்டைப் பைக்குள் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் ஒரு பெண், அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நல்ல சுகமாக இருக்கிறார், போன மாதம் எனக்கு மோதகம் அவித்துத் தந்தார் என்றேன். எல்லோரும் முகம் மலர்ந்தார்கள். கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. "ஏதும் அவசரமோ?" என்று கதிர்காமநாதன் கேட்டார். இல்லை, பரிசோதனை ஒன்று ஓடுகிறது என்று சொல்லி, மேசைக்குக் கீழே கைபேசியை எடுத்து, அதை நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

பத்தரைக்குச் சந்திப்பு முடியவில்லை. சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள். சாப்பாடு முடிய அவர்களுக்கு வேறு கேள்விகள் வந்தன. இவற்றையெல்லாம் சாட்டாக எழுதவில்லை. அன்று முழுக்க ஒரு விரலை அசைக்க எனக்கு நேரம் இருந்தது.

வியாழக்கிழமை பகல் பாக்கியலெட்சுமி அன்ரி என்னை அழைத்தார். விரத காலத்தில் ரீச்சருக்கு அவர்தான் பால் வாங்கிக் கதவுக் கைபிடியில் கொழுவி விடுவார். "தம்பி, நேத்து மாட்டின பால் பாக்கெட்டு அப்படியே தொங்குது. இன்னைக்கும் எடுக்கல. கதவைத் தட்டுனேன், சத்தமே இல்ல. பயமா இருக்குப்பா. சாவி ஒங்க கிட்டதான இருக்கு?" நல்ல மனுசி.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்ரி, இந்த முறை கடைசி நாலு நாளும் தண்ணி மட்டும்தான் எண்டு ரீச்சர் எனக்கு எழுதிக் காட்டினவா. நான் இப்பதான் அவவின்ர நாடியைப் பாத்தனான், நல்லா இருக்கு. கதவைத் தட்டாதேங்கோ, விரதம் குழம்பினாப் பாவம் உங்களுக்குத்தான்."

"ஐயோ, எனக்குத் தெரியாதேப்பா. முருகா, மன்னிச்சுக்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். பால் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாடியைப் பார்த்தேன் என்பது பொய் இல்லை. தொண்ணூற்றாறு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நிதியம் கையொப்பம் இட்டது. வீண் அழைப்பு பதினொன்று. கதிர்காமநாதன் என்னைக் கட்டிப்பிடித்தார். அருந்ததி அழுதாள், பிறகு சிரித்தாள், "ரீச்சரின்ர மௌனம் முடிஞ்ச உடன முதல் ஆளா அவவுக்குத்தான் சொல்லவேணும்" என்றாள். எனக்கு அந்த நேரம் சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எட்டு வருடம் இழுத்தடித்துவிட்டு இப்போது கட்டிப்பிடிக்கிறார்கள்.

இனி நீங்கள் வாசிக்க விரும்பாத பகுதி. பத்து மணிக்குக் கையொப்பம் ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தை இனி யாரும் கிழிக்கமாட்டார்கள். நான் வாசலுக்கு வந்து பலீலுக்கு ஒரு சொல் சொன்னால், பதினைந்து நிமிடத்தில் கதவு திறந்திருக்கும். ரீச்சரின் நாடி அன்று பின்னேரம் மூன்று நாற்பது வரைக்கும் ஓடியது. களுபோவில டொக்டரும் மரண விசாரணையில் ஏறக்குறைய அதே நேரத்தைத்தான் சொன்னார். என் பட்டி நிமிடக் கணக்கில் சரியாகச் சொன்னது. ஐந்து மணித்தியாலம் நாற்பது நிமிடம், எனக்கு எந்த நட்டமும் இல்லாமல், அவரைக் காப்பாற்ற முடிந்திருக்கும்.

சொல்லவில்லை. ஏனென்றால் பிழைத்தால் அவர் கதைப்பார். வாய் கொஞ்சம் நீளம் என்று முன்னமே எழுதினேன். அவர் கதைக்கக் கூடிய ஒரு விசயம் இருந்தது, அதற்கு வருகிறேன்.

சனிக்கிழமை எங்களுக்கு மரித்தோர் நாள். காலையில் மாதம்பிட்டிக்குப் போய் அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினேன். அதே நாள் அவர்களுக்குச் சூரன்போர். பின்னேரம் கோயில் மேளம் காலி வீதி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தபோது, விரதம் முடிந்தது, இனிப் பார்க்கலாம் என்று பலீலை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவர் அழைத்தார். மூச்சு வாங்கியது. "சேர், டீச்சர் மௌத்தாகிட்டாங்க சேர். பாத்ரூம் வாசல்ல கெடக்குறாங்க. கையில லைட்டு பச்சையா எரியுது சேர். நம்ம ஆளு யாரும் வந்தாங்களா?"

அருந்ததி அதை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பச்சை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அழைப்பு ஏதும் வந்ததா என்று என்னிடம் கேட்டாள். வரவில்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், உடனே நம்பினாள். பிறகு தரையில் குந்தி இருந்துகொண்டு, "அப்ப நான் எழுதின புரோகிராம் கோட்தான் அவவைச் சாகடிச்சுப்போட்டுது. அழைப்பை அனுப்பாம லைற்றை மட்டும் போட்டிருக்கு. பச்சையைப் பாத்துப் பாத்து அந்த மனுசி எங்களைக் காத்துக்கொண்டு கிடந்திருக்கு" என்றாள். மரண விசாரணையிலும் இதையே சொன்னாள். கனடாவிலிருந்து வந்த மகளின் காலில் விழுந்தும் சொன்னாள். இப்போது சாப்பிடுவதில்லையாம், கம்பியூட்டரைத் தொடுவதில்லையாம். அவளுடைய அம்மா என்னிடம் வந்து, நீராவது ஒரு ஆறுதல் சொல்லும் தம்பி என்று கேட்டார். போனேன். சொன்னேன்.

நிதியம் பழுதான கருவி என்று ஒரு கடிதம் அனுப்பி விலகிக்கொண்டது. பத்திரிகைகளும் அதே சொல்லைப் போட்டன. நீங்களும் ஏழாம் பந்தியில் அதையே போட்டிருக்கிறீர்கள். எனக்கு அருந்ததியிலும் கோபம். என்னைச் சந்தேகிக்க அவளுக்கு ஒரு நிமிடம் கூடத் தோன்றவில்லை. நாங்கள் செய்த பொருளைத்தான் சந்தேகித்தாள். எட்டு வருடம் என்னோடு இருந்து என் வேலையில் அவ்வளவுதான் நம்பிக்கை.

ஆகவே எழுதுகிறேன். அழைப்பு வந்தது. பத்தொன்பதும் வந்தது, அதற்குப் பிறகு கொள்ளுப்பிட்டியில் மேசையடியில் வந்த பன்னிரண்டும் வந்தது. ஒன்று கூடத் தவறவில்லை. அருந்ததி எழுதிய கோட்டில் ஒரு எழுத்துக் கூடப் பிழையில்லை. பச்சை விளக்கு தானாக எரியவில்லை. பட்டிகளைப் பரிசோதிக்க என் கைபேசியில் ஒரு வழி இருக்கிறது, அதால் போட்டால் பதிவு விழாது. சட்டைப் பைக்குள் அது மறுபடி மறுபடி அதிர்ந்தபோது, கதிர்காமநாதன் அவசரமோ என்று கேட்டபோது, மேசைக்குக் கீழே பெருவிரலால் நான்தான் அந்த விளக்கைப் போட்டேன். அவர் அழுத்துவதை நிறுத்தட்டும் என்று போட்டேன். பிழைத்திருந்தால், பச்சை எரிந்தும் ஒருவரும் வரவில்லை என்று அவர் கதைத்திருப்பார்.

உடனே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தடவை கூட அழுத்தவில்லை. வாளி எட்டும் தூரத்தில்தான் இருந்தது, சவர்க்காரப் பெட்டியும் இருந்தது. தட்டியிருந்தால் வியாழக்கிழமை கதவடியில் நின்ற பாக்கியலெட்சுமி அன்ரிக்குக் கேட்டிருக்கும். தட்டவில்லை. நான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிடந்தார்.

இவ்வளவையும் ஏழாம் பந்தியில் போடுங்கள், நான் ஒப்பம் வைக்கிறேன். என்னைப் பற்றி எப்படியும் எழுதுங்கள், மறுக்கமாட்டேன். கருவியைப் பற்றி மட்டும் பிழையாக எழுத விடமாட்டேன். ரீச்சர் விரதம் தொடங்க முதல், ஞாயிற்றுக்கிழமை தீபாவளியன்று பின்னேரம், அந்தப் பட்டியைச் சார்ஜ் பண்ணியிருக்கிறார். புதன்கிழமை காலை தொடக்கம் விளக்கு ஓயாமல் எரிந்திருக்கிறது. நாலு நாள் தாங்காது என்று கதிர்காமநாதன் சொன்னார். சனிக்கிழமை பலீல் கதவைத் திறந்தபோது ஏழாவது நாள். பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது.